மேல்மாடி விசாரணை

நடக்கமாட்டாத ஆட்களை விசாரிக்கும் கந்தோரைக் கொண்டுபோய் மேல்மாடியில் வைத்த மனிசனுக்கு மூளை இல்லை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, மூளை இருந்தது, தாராளமாகவே இருந்தது. மேலே காற்று வரும். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமற்போய் வருசக்கணக்கான காலம் அது. மின்விசிறி சுற்றாத ஊரில் சமூக சேவை உத்தியோகத்தர் ஐயாவுக்கு வேர்க்கக்கூடாதல்லவா? அவருக்கு வேர்க்காமல் இருப்பதற்காக நாங்கள் வேர்த்தோம். விசயம் அவ்வளவுதான்.

பழைய கட்டடம் சண்டையில் சிதைந்தபின் அரசாங்கக் கந்தோர்கள் எல்லாம் சனம் விட்டுவிட்டுப் போன வீடுகளுக்குள் குடியேறியிருந்தன. இந்தக் கந்தோருக்கு வாய்த்தது, வெளிநாடு போய்விட்ட யாரோ ஒரு பணக்காரரின் மாடிவீடு. கீழே அகலமான விறாந்தை, பெரிய ஹோல், இரண்டு அறைகள். நிலமட்டத்தில், ஒரு படியும் ஏறாமல் உருண்டாவது உள்ளே போகலாம். அந்த அறைகளில் என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? பழைய கந்தோரிலிருந்து மீட்டுக்கொண்டு வந்த, கால் முறிந்த கதிரைகள். கதிரைக்குக் கால் முறிந்தால் கீழ்வீடு, மனிசருக்குக் கால் வழங்காவிட்டால் மேல்மாடி. இதை யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை, சும்மா கிடந்த அறையில் கதிரைகளைப் போட்டுப் பூட்டிவிட்டு மறந்துபோனார்கள்.

எனக்கு இரண்டு காலும் சிறுவயதிலேயே இளம்பிள்ளைவாதத்தில் வழங்காமற்போனவை. அதை நினைத்து நான் அழுததாக ஞாபகம் இல்லை. அழுவதற்கு எங்கள் வீட்டில் வேறு ஆட்கள் போதிய அளவு இருந்தார்கள். அரியாலையில் வீடு. என் அண்ணை தன் சைக்கிள் கரியரில் இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார், கொண்டுவந்தார். படித்தேன், சோதனை பாஸ் பண்ணினேன். பிறகு பட்டணத்தில் ஒரு ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்குக் கணக்கியல் படிப்பித்தேன். ரியூட்டரி என்றால் கிடுகுக் கொட்டில், மண்தரை, நீட்டு வாங்குகள். நான் கதிரையில் இருந்து எழுதுவதற்காக அதை நடத்தியவர் கரும்பலகையைத் தாழ இறக்கிக் கட்டிவிட்டார். ஒரு துண்டுக் கயிறு, இரண்டு ஆணி, ஒரு பின்னேர வேலை. அதற்காக அவர் என்னை விசாரிக்கவில்லை, அத்தாட்சி கேட்கவில்லை, மேடை போட்டுப் பேசவும் இல்லை. அரசாங்கத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிற்றுத்துண்டு ஞாபகம் வரும்.

ஆனால் ரியூட்டரிக்குப் போய்ச்சேர அண்ணை வேண்டும். ரியூட்டரிக்கு மட்டுமா? வீட்டுப் படலையைத் தாண்டி எங்கே போவதென்றாலும் அண்ணை வேண்டும். கூட்டாளியின் கலியாணவீட்டுக்குப் போகவேண்டுமா, அண்ணை நல்ல குணத்தில் இருக்கும் நேரம் பார்த்துக் கேட்கவேண்டும். அவர் முகத்தைச் சுழித்ததில்லை, குறை சொல்லக்கூடாது. என்றாலும் ஏன், எதற்கு, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு போக்குக்கும் ஒரு காரணம் சொல்லவேண்டியிருந்தது. காரணம் சரியில்லை என்றால் எனக்கே கேட்க வாய் வராது, வீட்டில் இருந்துவிடுவேன்.

அந்த அண்ணைதான் கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு போவதென்று முடிவெடுத்தார். ஊரில் இளம் ஆண்கள் எல்லாரும் எடுத்த முடிவுதான்.

"நான் போனா உன்னை ஆர் ஏத்தி இறக்கிறது?" என்று ஒரு நாளைக்குப் பத்துத்தரம் கேட்டார். என்னிடம் கேட்டால் நான் எங்கே போவேன்?

ரியூட்டரி நடத்தியவர் நேர்மையான ஆள், மழுப்பவில்லை. "பிள்ளை, புதுத் தவணை துவங்கேக்கை நீர் வந்தீரெண்டா வகுப்பு உமக்குத்தான். வராட்டி நான் வேறை ஆளைப் பாக்கவேணும். பெடியளின்ரை சோதனை, என்னாலை பொறுக்க ஏலாது" என்றார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆக, அண்ணை போகமுன்னம் எனக்கு ஒரு வாகனம் வேண்டும். இல்லாவிட்டால் வேலை போய்விடும். வேலை போனால் மிச்சக் காலம் முழுக்க அம்மாவோடு குசினிக்குள் இருந்து வெங்காயம் உரிக்கவேண்டியதுதான்.

அப்போதுதான் எங்கள் ஊர்க் கிராம அலுவலரான விதானையார் வந்து சொன்னார், பருத்தித்துறைக்கு வந்த கப்பலில் மூன்றுசில்லு வண்டிகள் வந்திருக்கின்றன என்று. மூன்று சக்கரம், கையால் சுற்றி ஓட்டும் வண்டி. காலே தேவையில்லை. என் மனம் எப்படித் துள்ளியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் விதானையார் அதோடு நிற்கவில்லை, எனக்குப் புத்தியும் சொன்னார்.

"விசாரணைக்குப் போகேக்கை நல்ல சீலை ஒண்டும் உடுத்துக்கொண்டு போகாதையும். பழசா, கசங்கினதாப் பாத்து உடும். தலையையும் வடிவா இழுக்காதையும். ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டா இன்னும் திறம்."

"ஏன், நான் செத்தவீட்டுக்கே போறன்?" என்றேன்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஊர் வழக்கம் அப்படித்தான் ஆகியிருந்தது. நிவாரணம் வாங்கப் போவதற்கென்று வீட்டுக்கு வீடு ஒரு கிழிந்த சட்டை கொடியில் தொங்கியது. கோயிலுக்குப் பட்டு, கந்தோருக்குக் கந்தல். அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவிப் பணத்துக்கே எங்கள் சனம் பிச்சைச் சம்பளம் என்றுதான் பெயர் வைத்திருந்தது. அப்படியென்றால் வாங்குகிறவர் பிச்சைக்காரராக வேசம் கட்டத்தானே வேண்டும்! கொடுக்கிறவர்களுக்கும் அதுதான் விருப்பம். வயிறு ஒட்டி, கண் கலங்கி, கைகட்டி வாய்பொத்தி நின்றால்தான் அவர்களுக்குக் கொடுத்த திருப்தி வரும். தூ!

நான் என்னிடம் இருந்ததில் நல்ல சீலையை எடுத்தேன். சவர்க்காரம் ஆனைவிலை குதிரைவிலை விற்ற நாளில் அதைத் தோய்த்து, சிரட்டைக்கரிப் பெட்டியால் மடிப்புக் குலையாமல் தேய்த்து உடுத்தேன். தலையை வடிவாக இழுத்துப் பின்னினேன். வேலைக்குப் போகிற மனிசி வேலைக்குப் போவதற்கு ஒரு வண்டி கேட்கிறாள். இதில் அழ என்ன இருக்கிறது?

கந்தோரில் இறங்கியதும் முதலில் கண்டது வண்டிகளைத்தான். பூட்டிய ஹோலுக்குள், கால் முறிந்த கதிரைகளுக்கு முன்னால், பொலித்தீன் உறையோடு வரிசையாக நின்றன. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். பச்சைப் பெயின்ற், நெஞ்சுக்கு நேரே கைபிடி, பின்னால் சாமான் வைக்க ஒரு பெட்டி. என் புத்தகங்கள் அதற்குள் அளவாக இருக்கும் என்று மனதுக்குள் அடுக்கியும் பார்த்துவிட்டேன்.

பியோன் படியின் உச்சியில் நின்று பெயர் கூப்பிட்டான். முற்றத்து ஜம்பு மரத்தின் கீழே கால் வழங்காதவர்கள், கால் போனவர்கள், முதுகு வளைந்தவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. கோர்ட்டில் கூப்பிடுவதுபோல ஒரு பெயரை மூன்றுதரம் கூப்பிடுவான். பெயருக்குரிய ஆள் கீழே இருந்து கையை உயர்த்தி, "தம்பி, நான் இஞ்சை இருக்கிறன்!" என்று கத்துவார்.

"மேலை வரவேணும்."

"மேலை வர ஏலுமெண்டா நான் இஞ்சை வரவே தேவையில்லையே!"

பியோன் உள்ளே திரும்பி, "வரேல்லை ஐயா" என்பான். அடுத்த பெயர்.

கூட்டத்திலே குருநகர்க்காரர் ஒருவர் இருந்தார். கடலில் நின்றபோது ஷெல் விழுந்து இரண்டு காலும் தொடையோடு போனவர். மீன் தள்ளுகிற வண்டிலில் அவரை இருத்தி, மச்சான்மார் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவருடைய பெயரையும் மூன்றுதரம் கூப்பிட்டு, வரவில்லை என்று முடித்துவிட்டார்கள். "மாதாவே, கண்ணுக்கு முன்னாலை இருக்கிற மனிசனைக் காணேல்லை எண்டுறான்!" என்று அவர் சிரித்தார். சிரிப்பு நல்ல சிரிப்பு அல்ல.

என் பெயர் வந்தது. அண்ணை தூக்க வந்தார். வேண்டாம் என்றேன். செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு, படிக்கு முதுகைக் காட்டி இருந்து, கையை ஊன்றி ஊன்றிப் பின்பக்கமாக ஏறினேன். அண்ணை சீலைத் தலைப்பு இழுபடாமல் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். மேலே போனதும் கதிரையில் ஏறி இருந்து, மடிப்பைச் சரிசெய்து, முகத்தைத் துடைத்தேன். அண்ணையை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். பிறகுதான் எனக்கு முன்னால் இருந்த திரைச்சீலை விலகி உத்தியோகத்தர் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனை, கையில் பனையோலை விசிறி. அந்தக் காற்றும் போதவில்லைப்போல.

கேள்விகள் கேட்டார், சொன்னேன். படிப்பு, வேலை, வீட்டில் யார் யார். பாதியில் பொம்பர் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், ஐயா விசிறியைப் போட்டார், கதிரை விழுந்தது, பியோன் முன்னால், ஐயா பின்னால், மற்றக் கிளாக்கர்மார் அவருக்குப் பின்னால், படியெல்லாம் தடதடவென்று இறங்கிப் பங்கருக்குள் போனார்கள். அண்ணை மட்டும் உள்ளே ஓடிவந்து என்னைச் சுவர் மூலையில் இருத்தித் தானும் பக்கத்தில் குந்தினார். குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. சத்தம் ஓய்ந்ததும் அண்ணை என்னைத் திரும்பக் கதிரையில் இருத்திவிட்டு வெளியே போனார். ஐயா முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறி வந்தார்.

"நீர் ஏன் ஓடேல்லை?" என்று கேட்டார். "பயமில்லையோ? கெட்டிக்காரி!"

மெய்யாகவே கேட்டார். பகிடி இல்லை. மூன்றுசில்லு வண்டி கேட்டு வந்தவளைப் பார்த்து, ஏன் ஓடவில்லை என்று கேட்கிற மனிசனுக்கு என்ன பதில் சொல்வது?

பிறகு சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். "உமக்கு வண்டி தேவைப்படாது, பிள்ளை. படியேறி வந்திட்டீர்தானே? வடிவா உடுத்து, உத்தியோகமும் பாக்கிறீர். இது நடக்க ஏலாத ஆக்களுக்கு வந்த சாமான். அவையின்ரை பங்கை நாங்கள் எடுக்கக்கூடாது பாரும்."

"அந்த நடக்க ஏலாத ஆக்கள் எங்கை ஐயா?"

"அவை ஒருத்தரும் வரேல்லையே!"

ஏறியமாதிரியே கையை ஊன்றி ஊன்றி இறங்கினேன். நல்ல சீலை உடுத்தது என் பிழை என்று அம்மா அழுதார், விதானையார் தலையாட்டினார். என் பிழை என்று அன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

தீர்ப்புப் பிடிக்காதவர்கள் நேரில் வந்து முறையிடலாம் என்று பியோன் சொன்னான். நேரில் என்றால் எங்கே? மேலேதான். நான் அதற்கும் போனேன். குருநகர்க்காரரும் வந்திருந்தார். இந்தமுறை ஏறவில்லை. ஜம்பு மரத்தின் கீழே இருந்து, ஐயா இறங்கி வந்தால் கதைப்போம் என்று காத்திருந்தோம். பியோன் பாவப்பட்டுக் காதுக்குள் சொன்னான்: "உந்த வண்டியளை மாத முடிவிலை திருப்பிக் கொழும்புக்கு அனுப்பப் போகினம். தகுதியான ஆக்கள் இல்லை எண்டு ஐயா அறிவிச்சுப்போட்டார்."

வண்டிகள் யன்னலுக்கு அப்பால் நின்றன. கம்பிக்குள்ளால் கையை நீட்டினால் பொலித்தீன் தொடுபடும். எனக்கு அழுகை வந்தது, அதை நான் காட்டவில்லை.

"அண்ணை, உங்களைத் தூக்க ஆளிருக்குத்தானே, ஏன் அண்டைக்கு மேலை போகேல்லை?" என்று குருநகர்க்காரரைக் கேட்டேன்.

"என்ரை மச்சான்மார் தூக்குவாங்கள், தங்கச்சி. நான்தான் தூக்க விடமாட்டன். கூடையிலை தூக்கிறது மீனை" என்றார்.

எங்களோடு வந்து சேர்ந்த மூன்றாவது ஆள் சாவகச்சேரியார், கண் தெரியாதவர். அவருக்குக் கால் நன்றாக இருந்தது, மேலே போனார். வெள்ளைப் பொல்லு ஒன்று கேட்டுப் போன மனிசனிடம் ஐயா ஒரு தாளை நீட்டி, "வாசிச்சுப் பாத்துக் கையெழுத்து வையும்" என்றாராம். இதைச் சாவகச்சேரியார் சொன்னபோது நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

நாட்கணக்காகக் கீழே காத்திருந்தவர்களுக்கு ஒரு விசயம் வடிவாகத் தெரியும். மேல்மாடியில் காற்று இருந்தது, கக்கூசு இல்லை. கரண்ட் இல்லாததால் மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏறாது. கக்கூசு பின்வளவில், கிணற்றடிக்கு அங்காலே. ஐயா எட்டுமணிக்கு வந்தால் ஒன்றுக்குப்பின் ஒன்றாகத் தேத்தண்ணி குடிப்பார். பதினொரு மணியளவில் படியிறங்கி, எங்களைக் காணாதவர்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, விறுவிறுவென்று பின்வளவுக்குப் போவார். நாங்கள் "ஐயா!" என்று கூப்பிடுவோம். காதில் விழாது. திரும்பிவரும்போதும் விழாது.

மாத முடிவுக்குக் கிட்டிய ஒரு திங்கட்கிழமை, ஐயா மேலே போனபிறகு, நாங்கள் படியில் ஏறி இருந்தோம். நான் கீழ்ப்படியில், முந்தி உடுத்த அதே சீலையோடு. எனக்கு மேலே குருநகர்க்காரர், தானே கையூன்றி ஏறி, படிக்குக் குறுக்கே தோளை விரித்து. இன்னும் சிலர் அங்கங்கே. சாவகச்சேரியார் உச்சிப்படியில் தன் தடியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஐயா எட்டிப் பார்த்தார். "என்ன உது? கந்தோர் வேலைக்கு இடைஞ்சல் செய்யிறியளோ? பொலிசைக் கூப்பிடுவன்!" அரசாங்கத்தின் பொலிசையா, இயக்கத்தின் பொலிசையா என்று அவருக்கே அந்த நாளில் நிச்சயமில்லை.

"விசாரணைக்கு வந்தனாங்கள் ஐயா" என்றேன். "கீழை வந்து விசாரியுங்கோ."

"விசாரணை மேலைதான் நடக்கும். அதுதான் முறை."

"ஐயா, மேலை வந்தா நடக்கத் தெரிஞ்ச ஆள் எண்டுறியள். கீழை இருந்தா வராத ஆள் எண்டுறியள். வேறை எங்கை இருந்தா வண்டி தருவியள் எண்டு சொல்லுங்கோ, அங்கை போய் இருக்கிறம்."

அவர் உள்ளே போய்விட்டார். நாங்கள் இருந்தோம். பியோன் தேத்தண்ணியோடு முற்றத்தால் படியடிக்கு வந்து நின்று முழித்தான். குருநகர்க்காரர் கையை நீட்டினார். "கொண்டா தம்பி. ஐயாவைப் பட்டினி போட நாங்கள் என்ன சண்டாளரோ?" கோப்பை கைமாறிக் கைமாறி ஒரு சொட்டும் சிந்தாமல் மேலே போனது. அடுத்த கோப்பையையும் அப்படியே அனுப்பினோம். மூன்றாவதையும் நல்ல மரியாதையாக அனுப்பினோம். ஐயா எல்லாவற்றையும் குடித்தார்.

பதினொரு மணி கடந்தது. மேலே நடக்கிற சத்தம் கேட்டது. இங்காலே நாலு எட்டு, அங்காலே நாலு எட்டு. பிறகு ஐயா படியின் உச்சிக்கு வந்தார். குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

"கொஞ்சம் விலகுங்கோ. எனக்குக் கீழை ஒரு அலுவல்."

"என்ன அலுவல் ஐயா?" என்றார் குருநகர்க்காரர்.

"கந்தோர் அலுவல்."

"எங்களுக்கும் கந்தோர் அலுவல்தான் ஐயா. சேந்து செய்வம்."

ஐயா ஒரு காலை மற்றக் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற கிளாக்கர்மார் வாயைப் பொத்தினார்கள். கடைசியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. "எழும்புங்கோ! எல்லாரும் எழும்புங்கோ எண்டு சொல்லுறன்!" என்று கத்தினார்.

"எழும்பவோ?" என்றேன். "எழும்ப ஏலுமெண்டா நாங்கள் ஏன் ஐயா உங்களிட்டை வாறம்?"

அவர் என்னைப் பார்த்தார். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் முகத்துக்கு நேரே பார்த்தார் என்று நினைக்கிறேன். நெற்றியில் முத்துமுத்தாக வேர்வை. அவ்வளவு காற்று இருந்தும் வேர்த்துவிட்டது.

"கீழை வைச்சு விசாரிக்கிறன்" என்றார். "இண்டைக்கே."

"அப்ப முதல் பின்வளவுக்குப் போட்டு வாங்கோ" என்றேன். "நாங்கள் இருக்கிறம். காத்திருக்கிறது எங்களுக்குப் பழக்கம்தானே."

சுவரோடு ஒதுங்கி வழிவிட்டோம். ஐயா தாண்டித் தாண்டி இறங்கிக் கிணற்றடிப் பக்கம் ஓடினார். ஓட்டம் என்றால் பொம்பருக்குக்கூட அப்படி ஓடவில்லை. குருநகர்க்காரர், "பாத்து ஐயா, கல்லுக் கிடக்கு!" என்று பின்னால் குரல் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது ஜம்பு மரத்தின் கீழே கதிரையும் மேசையும் போட்டாயிற்று. பியோன் கோப்புகளைக் கட்டாகக் கட்டித் தூக்கிவந்தான். இத்தனை நாளும் இறக்க முடியாதென்று சொன்ன விசாரணை ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. குருநகர்க்காரரை விசாரிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. தொடைக்குக் கீழே ஒன்றும் இல்லாத மனிசனிடம் என்னத்தைக் கேட்பது? என் முறை வந்தது. ஐயாவுக்கு இப்போது பழைய மிடுக்குத் திரும்பிவிட்டது.

"நீர் அண்டைக்கு மேலை வந்தனீர்தானே? எப்பிடி ஏறினீர்?"

"கையாலை."

"எங்கை, ஒருக்கா ஏறிக்காட்டும், பாப்பம்."

இத்தனை சனம் பார்த்திருக்க, குமர்ப்பிள்ளை நான் சீலையோடு படியில் ஊர்ந்து காட்டவேண்டுமாம். அந்தச் சொல் என் உச்சந்தலையில் ஏற்றிய கோபம் இன்னும் முழுக்க இறங்கவில்லை.

"காட்டமாட்டன்" என்றேன். "ஐயா இப்ப பின்வளவுக்குப் போட்டு வந்தியள். மெய்தானோ எண்டு அறிய, ஒருக்காச் செய்துகாட்டுங்கோ எண்டு நாங்கள் கேட்டனாங்களே?"

முதலில் சிரித்தது பியோன். பிறகு மரத்தின் கீழே இருந்த அத்தனை பேரும். ஐயாவின் காது சிவந்தது. தலையைக் குனிந்து கையெழுத்து வைத்தார். எங்களுக்கு வண்டி கிடைத்தது. சாவகச்சேரியாருக்கு வெள்ளைப் பொல்லு அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். நான் அறிந்தவரை வரவேயில்லை. எங்களுக்காகக் காலை முழுக்க உச்சிப்படியில் நின்ற மனிசன், பூவரசந் தடியோடுதான் வீட்டுக்குப் போனார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

உடனே தந்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஐயா ஒரு கையளிப்பு விழா வைத்தார். மாலை போட்டார்கள், எங்களுக்கு அல்ல, வண்டிகளுக்கு. பிலிம் கிடைக்காத நாளில் எங்கிருந்தோ ஒரு கமராக்காரரும் வந்தார். தன் அயராத முயற்சியால் இந்த ஊனமுற்ற சகோதரர்களின் கண்ணீரைத் துடைத்ததாக ஐயா பேசினார். யாருடைய கண்ணீரை எங்கே கண்டாரோ!

அண்ணை போனபோது தவணை தொடங்கிவிட்டது. வண்டி வரச் சுணங்கியதில் என் இரண்டு வகுப்புகளை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், ஒன்றுதான் மிஞ்சியது. அதற்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். முதல் கிழமை தோள்மூட்டு இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது. சோளகக் காற்று எதிர்த்து அடித்தால் கண்டி வீதியில் வண்டி நகராது. சைக்கிளில் போகிற சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும், நானும் அவர்களைப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் திரும்பும் நேரம். சமைத்துச் சாப்பிட்டாயிற்று, அம்மா படுத்துவிட்டார். நான் படலையைத் திறந்து வண்டியை வீதிக்கு எடுத்தேன். வகுப்பு இல்லை, சந்தை இல்லை, ஒருவரையும் பார்க்கப் போகவும் இல்லை. சந்திக்குக் கிட்டப் போனபோது எதிரே சைக்கிளில் வந்தது சாட்சாத் அந்த ஐயாதான். என்னைக் கண்டு காலை ஊன்றினார். நான் வண்டியை நிறுத்தினேன்.

"எங்கை பிள்ளை, உந்த வெய்யிலுக்கை? ஞாயிற்றுக்கிழமையும் படிப்பிக்கிறீரோ?"

"இல்லை."

"அப்ப ஆசுப்பத்திரிக்கோ?"

"இல்லை."

"கோயிலுக்காக்கும்."

"இல்லை ஐயா. சும்மா."

"சும்மாவோ?" அவர் முகம் சுருங்கியது. "பிள்ளை, அரசாங்கம் உந்த வண்டியைத் தந்தது தொழிலுக்கு. சும்மா சுத்தித் திரியிறதுக்கில்லை. தேவையில்லாமல் ஓடித் தேஞ்சுதெண்டா பேந்து ஒருத்தரும் தராயினம்."

"ஐயா எங்கை போறியள்?" என்று கேட்டேன்.

"நானோ? நான் இப்பிடிச் சும்மா, ஒரு காத்து வாங்க..." என்று தொடங்கியவர், வாயை மூடிக்கொண்டார்.

நான் கைபிடியைச் சுற்றினேன். பிறந்து அவ்வளவு காலத்தில் காரணம் இல்லாமல் வீட்டைவிட்டு நான் வெளிக்கிட்டது அதுதான் முதல்தரம். ஏன் என்று கேட்க அண்ணையும் இல்லை, ஐயாவுக்குச் சொல்லவேண்டிய கடமையும் எனக்கு இல்லை. அவர் சைக்கிளை ஒருபக்கம் சரித்து வழிவிட்டார். சந்தியில் எந்தப் பக்கம் திரும்புவதென்று நான் இன்னும் யோசித்திருக்கவில்லை.